என் சுப்பர்சார்ஜருக்கே பெயின்ட் அடித்து எனக்கே விற்றார்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பழைய பென்ஸ் கொம்ப்ரெசர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். 210,000 ரூபாயை இழந்துவிட்டு எழுதுகிறேன்.

என்னுடையது 2004ஆம் ஆண்டு சி180 கொம்ப்ரெசர். 1796 சிசி, நாலு சிலிண்டர், பெல்ட்டில் சுற்றி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சுப்பர்சார்ஜர். கல்யாண ஹயருக்காகக் கடன் எடுத்து வாங்கிய கார். எங்கள் வீட்டு வருமானத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அது மிஸ் அடிக்க (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் தவற) தொடங்கியது. ஐட்லிங்கில் ஒரு குறையும் இல்லை, மெதுவாக ஓட்டினாலும் இல்லை. ஏற்றத்தில் அழுத்தி மிதித்து 4,000 ஆர்பிஎம் தாண்டினால் மட்டும் உதறும், எஞ்சின் லைட் மின்னும்.

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் விட்டேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. மறுநாள் முதலாளி கோல் எடுத்தார்.

"தம்பி, இது மலை. இங்க காத்து மெலிசு. உங்க சுப்பர்சார்ஜர் தேஞ்சு போச்சு, காத்த தள்ள முடியல. மாத்தினாத்தான் சரி வரும்."

"ஸ்கேன் பண்ணிப் பாத்தீங்களா அண்ணே?"

"எல்லாம் பாத்தாச்சு தம்பி."

அந்த ஸ்கேன் முடிவைக் காட்டச் சொல்லி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கையில் நாலு கல்யாணம் இருந்தது, சரி என்றேன். ஐந்து நாள் கழித்து, பளபளவென்று சில்வர் நிறத்தில் 'ரீகண்டிஷன்' சுப்பர்சார்ஜர் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார்கள். பழையதைக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம். "பிளக் நாலும் பழசு, அதையும் சும்மா மாத்தி விட்டிருக்கோம்" என்றார் முதலாளி. நுவரெலியா ரோட்டில் ஏற்றிப் பார்த்தோம், மிஸ் இல்லை. நன்றி சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குக் கிளம்பினேன். கினிகத்தேனை, கித்துல்கல வரை பிரச்சினை இல்லை. கரவனெல்லை தாண்டி, சமதரையில் ஒரு பஸ்ஸை முந்த மிதித்தபோது பழையபடி உதறல், லைட் மின்னல், பின்னால் பெட்ரோல் வாடை. மாப்பிள்ளையின் அம்மா சாமியைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். மெதுவாக உருட்டிக்கொண்டு போய் முகூர்த்தத்துக்குச் சேர்த்துவிட்டேன். திரும்பி வரும்போது அவிசாவளையில் ஒரு சின்ன கராஜில் நிறுத்தினேன்.

அங்கே மெக்கானிக் பாஸ் முதலில் கேட்டது: "மலையில அதிகமா மிஸ் அடிக்குதா, கீழ அதிகமா?" கீழே என்றேன். அப்படியென்றால் மலைக்காற்றைக் குற்றம் சொல்ல முடியாது என்றார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். சுப்பர்சார்ஜர் அந்த மெலிந்த காற்றைத்தான் அழுத்தி உள்ளே அனுப்புகிறது. அதே கார் அவிசாவளைக்கு இறங்கினால் சிலிண்டருக்குள் போகும் காற்று கூடுகிறது, பிளக் தீப்பொறி அடிக்க வேண்டிய இடத்தில் அழுத்தமும் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட, பிளக் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் அதிக வோல்ட் கொடுக்க வேண்டும். கொயிலிலோ அதன் ரப்பரிலோ வெடிப்பு இருந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்புக்குப் பாய்ந்துவிடும். ஐட்லிங்கில் அழுத்தம் குறைவு, அதனால் நோய் வெளியே தெரியாது.

பிறகு ஸ்கேனரை என் கையிலேயே கொடுத்து ஓட்டச் சொன்னார். மிஸ் எண்ணிக்கை மூன்றாம் சிலிண்டரில் மட்டும் ஏறியது, கோட் பி0303 (கடைசி எண்தான் சிலிண்டர்). சுப்பர்சார்ஜர் நாலு சிலிண்டருக்கும் ஒரே காற்றைத்தான் கொடுக்கிறது. அது தேய்ந்திருந்தால் கார் இழுக்காது, சத்தம் போடும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் பட்டினி கிடக்காது. பெட்ரோல் அழுத்தம் விழுந்தாலும் மேல் ஆர்பிஎம்மில் மிஸ் வரும் என்பதால் அதையும் கேஜ் போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. கடைசியில் மூன்றாம் கொயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டார். கோட் பி0302 ஆக மாறியது. கொயிலோடு நோயும் இடம் மாறிவிட்டது. பத்து நிமிட வேலை, அதற்குச் சல்லிக்காசு செலவில்லை. கொயில் ரப்பரில் தலைமுடி மாதிரி ஒரு கறுத்த கோடு இருந்தது, அவர் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் விளங்கியது. ஹட்டன் கராஜில் 'சும்மா' போட்ட பிளக்தான் அன்றைக்கு மிஸ்ஸை நிறுத்தியிருக்கிறது. பழைய பிளக்கில் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தது. புதியதில் இடைவெளி சிறிது, அதனால் பலவீனமான கொயிலும் மலையில் சமாளித்துவிட்டது. காசு வாங்கியது சுப்பர்சார்ஜருக்கு, குணமாக்கியது பிளக்.

புதுக் கொயிலும் கூலியும் சேர்த்து 27,000 ரூபாய். 5,500 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பார்த்தோம், ஒரு தடவைகூட உதறவில்லை.

பில் எழுதும்போது அவர் சுப்பர்சார்ஜரைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது எப்பவுமே கழண்ட மாதிரி இல்லையே" என்றார். போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. பெயின்ட் மட்டும் புதிது. தோட்டத்து லொறியில் முப்பது வருடம் இருந்த என் அப்பா, கார் வாங்கிய அன்றே கண்ணில் படும் நம்பர் எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுக்கச் சொல்லியிருந்தார். பெயின்ட்டைச் சுரண்டி, படத்தோடு ஒப்பிட்டோம். அதே நம்பர். அந்த இடத்தில் எனக்குக் கை நடுங்கியது.

போய்க் கேட்டதற்கு, "நம்பர் தவறா பதிஞ்சிருக்கும் தம்பி" என்றார்கள். பில்லில் 'சுப்பர்சார்ஜர் மாற்றியது' என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பில், படங்கள், அவிசாவளைப் பாஸ் எழுதித் தந்த கடிதம் எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். தொலைபேசி 1977. சேவை பெற்று 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் பில்லை எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. எஞ்சின் லைட் மின்னினால் காலை எடுத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டரை உருக்கிவிடும். என்னுடையது எந்த நிலையில் இருக்கிறது என்று அடுத்த வாரம் பார்க்கப் போகிறோம்.

இந்த ஒரு வருடத்துக்குள் ஹட்டன் பக்கம் யாராவது சுப்பர்சார்ஜரோ டர்போவோ 'மாற்றியிருந்தால்' பொனட்டைத் திறந்து பாருங்கள். சில்வர் பெயின்ட் இருந்தால் கொஞ்சம் சுரண்டி, நம்பரைப் படம் எடுத்து, பில்லோடு எனக்கு அனுப்புங்கள்.