முட்டையா, புரதமா, மரபணுவா? நாய், பூனைகளின் குடற்புழுக்களைக் கண்டறியும் முறைகள்

நாய்க்குட்டி மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தாலோ, பூனை வாரக்கணக்கில் இளகிய மலம் கழித்தாலோ, குடற்புழு இருக்கக்கூடும் என்று ஊகிப்பது எளிது. எந்தப் புழு என்று உறுதிசெய்வது அத்தனை எளிதன்று. மலப் பரிசோதனை என்ற ஒரே பெயரில் வழங்கும் முறைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளைத் தேடுவதால், ஒன்று ‘இல்லை’ என்று சொல்வதை மற்றொன்று ‘உண்டு’ என்று சொல்வதில் வியப்பில்லை.

மிகப் பழையதும் எளியதும் நேரடிப் பூச்சு முறை. கழித்த சூட்டோடு துளி மலத்தை உப்புநீரில் கலந்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது, ஜியார்டியா போன்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள் நீந்துவதையே காணலாம். ஆனால் கண்ணாடி வில்லையில் ஏறுவது சில மில்லிகிராம் மலமே ஆதலால், அதில் ஒன்றும் தென்படவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

முட்டையைவிட அடர்த்தி மிகுந்த கரைசலில் மலத்தைக் கரைத்தால் முட்டைகள் மேலே மிதந்து வரும் என்பதே மிதவை முறையின் அடிப்படை. இங்கே கரைசலின் தேர்வு பலரும் நினைப்பதைவிட முக்கியமானது. கொக்கிப்புழு முட்டையின் ஒப்படர்த்தி, அதாவது நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, ஏறத்தாழ 1.06 என்பதால் அது வழக்கமான எந்த மிதவைக் கரைசலிலும் மிதந்துவிடும். டீனியா வகை நாடாப்புழுவின் முட்டையோ ஏறத்தாழ 1.23 கொண்டது, ஆகவே 1.18 ஒப்படர்த்தியுள்ள துத்தநாக சல்பேட்டில் அது அடியிலேயே தங்கிவிடும். 1.27 வரை செல்லும் சர்க்கரைக் கரைசல் அதையும் தூக்கிவிடும் என்றாலும், ஜியார்டியா உறைக்குள் அடங்கி மலத்தில் வெளிவரும் நுண்ணிய கூடுகளைச் சுருக்கி உருக்குலைத்துவிடும். சோதனைக் குழாயைச் சும்மா நிறுத்திவைத்துக் காத்திருப்பதா, மையவிலக்கியில் சுழற்றுவதா என்ற கேள்விக்கு என் பதில் ஐயத்துக்கு இடமற்றது: சுழற்ற வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் முட்டைகளும், கனமான சாட்டைப்புழு முட்டைகளும் நிறுத்திவைக்கும் முறையில் எளிதாகத் தப்பிவிடுகின்றன. சில நிமிடச் சோம்பலுக்காக அந்த இழப்பை ஏற்பது நியாயமில்லை.

எவ்வளவு சுழற்றினாலும், முட்டையே வெளிவராத நாட்களில் மிதவை முறையால் பயனில்லை. கொக்கிப்புழு தொற்றிய இரண்டு மூன்று வாரங்களில் முட்டையிடத் தொடங்குகிறது; சாட்டைப்புழுவுக்கோ ஏறத்தாழ 3 மாதங்கள் ஆகும். ஆண் புழுக்கள் மட்டும் குடலில் இருந்தால் முட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த இடைவெளியை நிரப்புவது ஆன்டிஜென் சோதனை. புழு சுரக்கும் புரதத்தை அது கண்டறிவதால், முட்டைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வேறு விலங்கின் மலத்தைத் தின்னும் பழக்கமுள்ள நாயின் குடல்வழியே அந்நிய முட்டைகள் சும்மா கடந்துபோகும் நிலையில், உண்மைத் தொற்று எது என்று பிரித்தறியவும் அது உதவும். குறையும் உண்டு: எந்த இனங்களுக்காக வடிவமைக்கப்பட்டதோ அவற்றைத் தவிர வேறெதையும் அது காணாது. ஆகையால் மிதவை முறையோடு சேர்த்துச் செய்யும்போதுதான் அதன் முழுப் பயன் கிட்டும்.

ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையை எல்லா நோயாளிக்கும் முதல் படியாக்குவது தேவையற்றது என்பேன். நீடித்த வயிற்றுப்போக்குள்ள பூனையில் டிரைட்ரிக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியை உறுதிசெய்யவோ, நாயிடம் உள்ள ஜியார்டியா மனிதருக்கும் தொற்றும் ஏ, பி வகைகளைச் சேர்ந்ததா அல்லது நாய்க்கே உரிய சி, டி வகைகளா என்று அறியவோ அதற்கு இணையில்லை. ஆனால் உயிருள்ள ஒட்டுண்ணிக்கும் செத்ததன் எச்சத்துக்கும் அது வேறுபாடு காட்டாது.

தெள்ளுப்பூச்சியால் பரவும் டிபிலிடியம் நாடாப்புழு தன் முட்டைகளை உடல் துண்டுகளுக்குள் பொதிந்தே வெளியேற்றுவதால், மிதவை முறை அதைப் பெரும்பாலும் தவறவிடுகிறது. ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போல் ஒட்டியிருக்கும் துண்டுகளை வளர்ப்பவரே முதலில் காண்கிறார்.

சிகிச்சைக்குப் பின் செய்யும் மறுபரிசோதனையில் எந்த முறையை நம்புவது என்பது மாறுகிறது. ஜியார்டியா குணமான பிறகும் ஆன்டிஜென் சோதனை சில காலம் ‘உண்டு’ என்றே காட்டக்கூடும்; அந்த முடிவை மட்டும் நம்பி மறுபடி மறுபடி மருந்து கொடுப்பதைவிட, துத்தநாக சல்பேட்டில் சுழற்றிக் கூடுகள் இன்னும் வெளிவருகின்றனவா என்று பார்ப்பதே பொருத்தமானது.