கும்பகோணத்தில் வார்த்த கான்கிரீட் சமையல் மேடை: நிறம் எப்படி வந்தது?

கும்பகோணத்தில் எங்கள் சமையலறைக்குக் கிரானைட்டுக்குப் பதிலாகக் கான்கிரீட் மேடை வார்த்துத் தந்த பட்டறையின் வேலையைப் பற்றி, ஓராண்டு புழங்கிய பிறகு எழுதுகிறேன். பாட்டி வீட்டுத் திண்ணையின் ரெட் ஆக்சைடு சிவப்புதான் வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

சாம்பல் சிமெண்டில் அந்தச் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும் என்று விளக்கி, வெள்ளைச் சிமெண்டில் அதன் எடையில் 3, 4, 5 சதவீதம் இரும்பு ஆக்சைடு நிறமி கலந்த மாதிரித் துண்டுகளை முதலில் வார்த்துக் காட்டினார்கள். இதற்காகவே அவர்களைப் பாராட்டுவேன். ஈரத்தில் அடர்ந்து தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறி, சீலர் (கறையும் ஈரமும் இறங்காமல் காக்கும் மேல்பூச்சு) பூசியதும் மீண்டும் ஆழமாவதால், சீலர் பூசிய துண்டைச் சமையலறை வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்துத் தேர்வது நல்லது. நான் 4 சதவீதத்தைத் தேர்ந்தேன். திண்ணையின் நிறம் அப்படியே வந்தபோது மனம் நெகிழ்ந்தது.

ஆனால் இரண்டாம் கலவையில் தண்ணீர் கூடிவிட்டதால், அடுப்புக்கு இடப்புறம் ஒரு சாயல் வெளிறியே நிற்கிறது. தண்ணீரையும் நிறமியையும் ஒவ்வொரு கலவைக்கும் எடை போட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. எனக்கு இது பெரிய வருத்தம்.

மஞ்சள் கறை இதுவரை பிடிக்கவில்லை. புளிக்கரைசல் சிந்தினால் மட்டும் உடனே துடைத்துவிடுகிறோம், ஏனெனில் சீலர் தேய்ந்த இடத்தில் புளிப்பு சிமெண்டை அரித்துவிடும்.