ஓடிபியா, ஆத்தென்டிகேட்டரா, பாஸ்கீயா?

கடவுச்சொல்லை மட்டும் நம்பி ஒரு கணக்கை விட்டுவைக்கக் கூடாது என்பது பலருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் எந்தச் சரிபார்ப்பைச் சேர்ப்பது என்பதில்தான் குழப்பம். குறுஞ்செய்தி ஓடிபி, கைப்பேசியிலேயே எண்ணை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலி, கைரேகையோ திரைப்பூட்டோ கொண்டு திறக்கும் மின்னணுச் சாவியான பாஸ்கீ ஆகிய மூன்றையும் இரண்டு கேள்விகளை வைத்து எடைபோடலாம். மோசடிக்காரர் உங்களை ஏமாற்றி அதை வாங்கிவிட முடியுமா? கைப்பேசி தொலைந்தால் நீங்கள் திரும்ப உள்ளே போக முடியுமா?

இரண்டாவது கேள்வியில் ஓடிபிதான் முந்துகிறது. கைப்பேசி போனாலும், அடையாள அட்டையுடன் சென்று அதே எண்ணில் புது சிம் வாங்கிவிட்டால் எல்லாக் கணக்குகளும் கைக்கு வந்துவிடும். ஆனால் உங்களுக்கு எளிதான அந்த வழி, உங்கள் பெயரில் பொய் சொல்லிப் புது சிம் வாங்குபவருக்கும் எளிதுதான். ட்விட்டர் நிறுவனர்களுள் ஒருவரான ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே 2019 ஆகஸ்டில் அவருடைய கைப்பேசி எண் வழியாகக் கைப்பற்றப்பட்டது. அதற்காக ஓடிபியை வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அதே ஆண்டு கூகுள் வெளியிட்ட ஆய்வின்படி, குறுஞ்செய்திக் குறியீடு தானியங்கித் தாக்குதல்களை முழுவதுமாகவும், மொத்தமாக வலைவீசும் மோசடிகளில் 96 விழுக்காட்டையும் தடுத்தது. குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்த தாக்குதல்களில் மட்டும் அது 76 விழுக்காடாகக் குறைந்தது. வளைகுடாவில் இருந்துகொண்டு ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தவர்களின் தவிப்பு தனி.

ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு சிம்மும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். கணக்கை இணைக்கும்போது நீங்கள் ஸ்கேன் செய்யும் க்யூஆர் படத்துக்குள் ஓர் இரகசியச் சாவி இருக்கிறது. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து, பெரும்பாலும் 30 நொடிக்கு ஒருமுறை, செயலி ஆறு இலக்க எண்ணைக் கணக்கிடுகிறது. கைப்பேசிக் கடிகாரம் சற்று அதிகமாகப் பிசகினாலே எண் ஏற்கப்படாமல் போவது இதனால்தான். சிம் மோசடி இதைத் தொடாது. எனினும் போலித் தளம் ஒன்று அந்த எண்ணைக் கேட்டால், நீங்கள் தட்டச்சு செய்த மறு நொடியே அது உண்மைத் தளத்தில் இடப்பட்டுவிடும். கைப்பேசி தொலைந்தால் நிலை இன்னும் மோசம்: கூகுள் ஆத்தென்டிகேட்டரில் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை, அவசரத்துக்கு நுழையத் தளங்கள் முன்கூட்டியே தரும் மீட்புக் குறியீடுகளை எடுத்துவைக்காதவர்கள் ஒவ்வொரு தளத்திடமும் மன்றாட வேண்டியிருந்தது.

முதல் கேள்விக்கு நேரான பதில் தருவது பாஸ்கீயும், அதே தொழில்நுட்பத்தில் இயங்கும் யூபிகீ போன்ற பாதுகாப்புச் சாவிகளும் (கணினியிலோ கைப்பேசியிலோ செருகும் சிறு கருவிகள்)தான். 2022 ஜூலையில் கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த இணைப்பு, 40 நிமிடங்களுக்கும் குறைவான நேரத்துக்கு முன் பதிவு செய்யப்பட்ட, நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கத்தை அப்படியே ஒத்த தளத்துக்கு இட்டுச்சென்றது. மூன்று ஊழியர்கள் கடவுச்சொல்லைக் கொடுத்தே விட்டார்கள். அந்தப் பக்கம் அடுத்து ஆறு இலக்க எண்ணையும் கேட்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் அங்கே ஊழியர்கள் பயன்படுத்தியது பாதுகாப்புச் சாவி என்பதால், கேட்டாலும் கொடுப்பதற்கு எண் என்று எதுவும் இல்லை. தளத்தின் முகவரியை மனிதக் கண் அல்ல, பிரவுசரே சரிபார்க்கிறது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும், உள்நுழையத் தேவையான மின்கையொப்பத்தைச் சாவி இடாது. ஏமாந்தவரையும் காப்பாற்றும் முறை என்பதே இதற்கு நான் முதலிடம் தரக் காரணம்.

குறை இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. கைப்பேசியின் பாஸ்கீகள் பெரும்பாலும் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கில் ஒத்திசைக்கப்படுகின்றன. அந்தக் கணக்கையே இழந்தால் மற்றவையும் அதோடு போகக்கூடும். தனிச் சாவி வாங்குவதென்றால் இரண்டாக வாங்கி, இரண்டையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். செலவு சில ஆயிரம் ரூபாய் ஆகும். இன்னொன்றும் உண்டு. பாஸ்கீயை ஏற்கும் தளங்களில் பல, ‘வேறு வழியில் நுழைக’ என்று குறுஞ்செய்தி ஓடிபியையும் விட்டுவைக்கின்றன. இது வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் இணைப்பு வந்து சேரும் இடம் என்பதால், மின்னஞ்சலுக்குக் கட்டாயம் பாஸ்கீ அல்லது பாதுகாப்புச் சாவி போடலாம். பாஸ்கீ இல்லாத தளங்களுக்குச் செயலி போதும். கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் மேலாளர் செயலியிலேயே ஆறு இலக்க எண்ணையும் சேமிப்பது வசதிதான். ஆனால் 2022இல் அதே வகைச் செயலியான லாஸ்ட்பாஸின் வாடிக்கையாளர்களின் மறைகுறியாக்கப்பட்ட பெட்டகங்களே நகலெடுத்துச் செல்லப்பட்டதைப் பார்த்த பிறகு, முக்கியக் கணக்குகளுக்காவது இரண்டையும் பிரித்து வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கூகுள் தரும் எட்டு இலக்க மீட்புக் குறியீடுகள் பத்தையும் அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடலாம்.

வங்கிகளில் பெரும்பாலும் இன்னும் ஓடிபிதான். அங்கே நம் தேர்வுக்கு அதிக இடமில்லை. கைப்பேசி அமைப்புகளில், சிம்மைப் பூட்டும் எண்ணான சிம் பின்னையாவது போட்டுவைத்தால், திருடிய கைப்பேசியின் சிம்மைக் கழற்றி வேறொன்றில் செருகி ஓடிபி பெறுவது நடக்காது. உங்கள் பெயரில் புது சிம் வாங்கும் மோசடியை அது தடுக்காது. ஆகவே கைப்பேசியில் காரணமின்றி நெட்வொர்க் போய்விட்டால், வேறொரு கைப்பேசியிலிருந்து முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பிறகு சிம் நிறுவனத்தை அழையுங்கள்.