கோர் 5 புதுசு என்று எக்ஸ்சேஞ்சுக்குக் கூப்பிட்டால் கொஞ்சம் நில்லுங்கள்

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஷோரூமில் 'கோர் 5' என்ற புது பிராசஸர் என்று சொன்னதை நம்பி, பழைய லேப்டாப்பைக் கொடுத்து, மேலே 48,000 ரூபாயும் கட்டி, ஏறக்குறைய அதே லேப்டாப்பை வாங்கி வந்திருக்கிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. எக்ஸ்சேஞ்ச் மேளா என்று பேனர் கட்டிய எந்தக் கடையிலும் இது நடக்கலாம்.

என்னிடம் இருந்தது 2022இல் வாங்கியது. அதன் மூளையான பிராசஸர் இன்டெல் ஐ5-1235யூ. திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகமான ரேம் 8 ஜிபியோடு வந்தது. காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 போட்டு 16 ஆக்கி வைத்திருந்தேன். என் தொழில் ஜிஎஸ்டி கணக்கு. மாதம் ரிட்டர்ன் போடும் 20ஆம் தேதி நெருங்கும்போது டேலி, பெரிய எக்ஸெல் ஷீட்டுகள், பிரவுசரில் போர்ட்டல் என்று எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கும். அப்போது மட்டும் திணறும். அதற்காகத்தான் கடைக்குப் போனேன்.

"இப்போ ஐ5 எல்லாம் கிடையாது சார். கோர் 5னு புது சீரிஸ். உங்களோடது 12வது ஜெனரேஷன், இது ரெண்டு ஜெனரேஷன் தாண்டினது. ஸ்பீடு டபுள்" என்றார் சேல்ஸ்மேன். "8 ஜிபிதானே தம்பி இருக்கு?" என்று கேட்டேன். "ஸ்லாட் இருக்கு சார், எப்ப வேணா போட்டுக்கலாம்." அதையே வாட்ஸ்அப்பில் விலையோடு சேர்த்து அனுப்பவும் செய்தார். பழையதற்கு 12,000 கழித்தார்கள். பில் போட்ட கையோடு அது உள்ளே போய்விட்டது.

புதிது முதல் சில நாள் பறந்தது. விண்டோஸ் புதிது, ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி காலி, ஸ்டார்ட் ஆகும்போது கூடவே கிளம்பும் குப்பை புரோகிராம்கள் இல்லை. பழைய மெஷினையே ரீசெட் செய்திருந்தால் அந்தச் சுறுசுறுப்பில் முக்கால்வாசி அதிலும் வந்திருக்கும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதிலேயே திருப்தியாகி, பிராசஸர்தான் காரணம் என்று நம்பிவிடுகிறார்கள். கடைக்காரர்களுக்கும் அது போதும். எனக்கு 20ஆம் தேதி வந்தது. பழையதைவிட மோசமாகத் திணறியது. 16 இருந்த இடத்தில் இப்போது 8 அல்லவா.

சரி, ரேம் போட்டுவிடலாம் என்று தெரிந்த சர்வீஸ்காரரிடம் கழற்றச் சொன்னேன். ஸ்லாட்டே இல்லை. ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது.

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். "மாமா, இது உங்க பழைய மெஷின்தான், சட்டை மட்டும் புதுசு" என்று சொல்லி, இன்டெல் தளத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினான். புதியதில் இருப்பது கோர் 5 120யூ, 2024 ஜனவரியில் வந்தது. பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகளுக்கும் கோர் என்றுதான் பெயர்; இரண்டிலும் பெரிய கோர் 2, சின்ன கோர் 8, மொத்தம் 10. இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் (திரெட்) 12, உள் நினைவகம் (கேஷ்) 12 எம்பி, மின்சாரம் 15 வாட். உச்ச வேகம் மட்டும் 4.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5.0 ஆகியிருக்கிறது. அது நிஜமான வித்தியாசம்தான், ஆனால் மெல்லிய லேப்டாப்பில் சூடு ஏறியதும் அந்த வேகம் இறங்கிவிடும். இதில் எதையும் இன்டெல் ஒளித்து வைக்கவில்லை. டபுள் ஸ்பீடு என்பது கடையில் பிறந்த கணக்கு.

உண்மையில் புது வடிவமைப்போடு 2023 டிசம்பரில் வந்தது கோர் அல்ட்ரா. 'அல்ட்ரா' இல்லாத கோர் 5 120யூ பழைய வழியில் வந்தது. சேல்ஸ்மேன் அதன் பெருமையை இதற்குச் சொல்லி விற்றுவிட்டார்.

இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பக்கம் போனாலும் பிராசஸரின் எண்ணை முழுதாகப் பாருங்கள். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் கேட்க அண்ணன் தம்பி போல இருக்கும். முதலாவதில் 4 கோர், 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. இரண்டாவதில் 6 கோர், ஜென் 3. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்லும். 2023 டிசம்பரில் இன்டெல் இந்த 7520யூவை வைத்தே, பழைய வடிவமைப்பைப் புதுப் பெயரில் விற்கிறது என்று ஏஎம்டியைக் கிண்டலடித்து ஒரு விளம்பரக் கோப்பு போட்டது, சில நாளில் எடுத்தும் விட்டது. அடுத்த மாதமே கோர் 5 120யூவை இறக்கியதும் அதே இன்டெல்தான்!

கடைக்குத் திரும்பிப் போனேன். "லேட்டஸ்ட் ரேம் சார், 8 போட்டா 16 மாதிரி வேலை செய்யும்" என்றார்கள். ஆப்பிளில் ஓர் அதிகாரியே 2023இல் இப்படிப் பேசிப் பார்த்தார். வாங்குகிறவர்கள் காய்ச்சி எடுத்தார்கள். 2024 அக்டோபரில் ஆப்பிளின் மேக்புக் லேப்டாப்புகள் 16 ஜிபியில்தான் தொடங்கின. மேனேஜர் வேறு பாட்டு பாடினார்: பெட்டி பிரித்தால் ரிட்டர்ன் இல்லை, மெஷினில் பழுது என்று சர்வீஸ் சென்டரில் லெட்டர் வாங்கி வாருங்கள். மெஷினில்தான் பழுதே இல்லையே, யார் லெட்டர் தருவார்கள்? பழைய லேப்டாப்பைக் கேட்டேன். விற்றாகிவிட்டதாம்.

அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். 'ஸ்லாட் இருக்கு' என்ற அந்த வாட்ஸ்அப் செய்தியை இணைத்ததும் கடையின் குரல் மாறியது. இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் கிடையாது.

நீங்கள் போனால் பிராசஸரின் முழு எண், ரேம் ஸ்லாட் உண்டா இல்லையா, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு பில்லில் இடமில்லை. பழையதை அங்கேயே கொடுக்காதீர்கள்; வெளியில் தனியாக விற்றால் கொஞ்சம் கூடவே கிடைக்கும், புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வீட்டிலும் சில நாள் இருக்கும்.

நேற்று மேனேஜர் போன் செய்து 5,000 ரூபாய்க்கு கிஃப்ட் வவுச்சர் தருகிறேன் என்றார். அந்தக் கடையில் போய் நான் இன்னும் என்ன வாங்குவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆணையத்துக்கான மனுவை டைப் செய்துகொண்டிருக்கிறேன்.