பெயரை நம்பி மவுண்டன் பைக் வாங்கினேன், மகனின் கை முறிந்தது

மளிகை வாங்கப் பெரிய கடைக்குப் போன இடத்தில், பின்பக்கம் தொங்கும் மவுண்டன் பைக்குகளில் ஒரு பழைய பிரபலமான பெயரைப் பார்த்து "அட, இந்த கம்பெனி வண்டி இந்த விலைக்கா!" என்று தள்ளுவண்டியோடு நிற்கிறீர்களா? வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

1997இல் நான் கலிபோர்னியாவுக்குப் படிக்க வந்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு சைக்கிள் கடை. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெயர் போட்ட வண்டி நிற்கும். 1,400 டாலர். என் பங்கு வாடகையில் ஐந்து மாதம். வாங்க முடியாது என்று தெரிந்தும் தினமும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். போன வருடம் அதே பெயரை, அதே சாய்ந்த எழுத்தில், ஒரு பெரிய கடையில் பார்த்தேன். 248 டாலர். மகனுக்கு 14 வயது. அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

ஓட்டக் கற்றதும் ஒரு சனிக்கிழமை மரின் கவுண்ட்டியில் உள்ள ஃபேர்ஃபாக்ஸுக்கு அழைத்துப் போனேன். மவுண்டன் பைக் பிறந்த இடம் அது. அங்கே ஒரு சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. 1970களில் அந்த ஊர்ப் பையன்கள் 1930, 40களில் செய்த பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலையிலிருந்து இறக்கிய கதையை மகனுக்குச் சொன்னேன். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக். கீழே வருவதற்குள் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புதுசாக அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர். அந்தச் சைக்கிள்கள் அந்த அடியை ஓரளவுக்காவது தாங்கின.

எங்கள் வண்டி தாங்கவில்லை. அருகில் தீயணைப்பு வண்டிகளுக்கென்று வெட்டிய ஒரு மண்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தோம். குதிக்கவில்லை, வேகமும் இல்லை. "அப்பா, இடது பெடல் ஆடுது" என்றான். நிறுத்து என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கிராங்க் கை, அதாவது பெடலைத் தாங்கும் தண்டு, அச்சிலிருந்து கழன்று, பெடலோடு அவன் ஷூவிலேயே வந்துவிட்டது. சரளையில் கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு முறிவு. ஆறு வாரம் கட்டு.

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன சைக்கிள் கடைக்கு வண்டியை எடுத்துப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் பத்து நிமிடம் பேசாமல் பார்த்தார். அப்புறம் கிராங்க் கையை என் உள்ளங்கையில் வைத்தார். நடுவில் சதுரமாக இருக்க வேண்டிய துளை, மூலைகள் தேய்ந்து கிட்டத்தட்ட வட்டமாகிவிட்டது. அச்சு எஃகு, கிராங்க் கை மிருதுவான அலுமினியம். கடையில் பூட்டியவர் போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் எஃகு அலுமினியத்தைத் தின்றிருக்கிறது. ஒரு முறை இப்படித் தேய்ந்தால் மறுபடி முறுக்கியும் நிற்காது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் முன்பின்னாக மாட்டப்பட்டிருந்ததையும் அவர்தான் காட்டினார். ஃபோர்க்குக்குள் வெறும் ஸ்பிரிங்தான், துள்ளலை அடக்க எதுவுமே இல்லை. அப்புறம் வண்டியைச் சாய்த்து, சீட் குழாய் அடியில் இருந்த ஒரு ஸ்டிக்கரைக் காட்டினார். தபால் தலை அளவு. கரடுமுரடான பாதைக்கும் தாண்டிக் குதிக்கவும் இந்த வண்டி ஏற்றதல்ல என்று எழுதியிருந்தது. மவுண்டன் பைக் என்று எழுதி விற்ற வண்டியில்!

கடைக்குப் போனேன். பூட்டியது வெளி ஒப்பந்தக்காரர்கள், வண்டி பற்றிப் பேச வேண்டியது கம்பெனி என்றார் மேலாளர். கம்பெனிக்குப் போன் செய்தால், பூட்டியது சரியில்லை என்றால் அது கடையின் பொறுப்பு என்றார்கள். அந்த ஸ்டிக்கரையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள். நாலு வாரம் அலைந்தபின் வண்டிக் காசு மட்டும் திரும்பக் கிடைத்தது. மருத்துவச் செலவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இவ்வளவு நல்ல பெயர் ஏன் இப்படி ஆனது என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். ஒரு சைக்கிள் கம்பெனி திவாலாகும்போது தொழிற்சாலை மூடும், வெல்டிங் தெரிந்த ஆட்கள் வேறு வேலைக்குப் போவார்கள். விலைக்குப் போவது பெயர். பல பழைய பெயர்களுக்கும் இதே கதைதான். ஷ்வின் 1895இல் சிகாகோவில் தொடங்கியது. 1992இல் திவாலானது, கைமாறியது. பின்னர் ஜிடி என்ற இன்னொரு சைக்கிள் கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 2001இல் மறுபடி திவாலானது. இரண்டையும் வாங்கிய பசிபிக் சைக்கிள் என்ற கம்பெனி, ஷ்வின் பெயரைப் பெரிய கடைகளுக்குக் கொண்டுபோனது. 1974இல் கலிபோர்னியாவில் பிஎம்எக்ஸ் (மண்பாதைப் பந்தயத்துக்கான சின்ன சைக்கிள்) சக்கரத்தோடு தொடங்கிய மங்கூஸ் கம்பெனியும் அதே காலத்தில் அதே பசிபிக்கிடம்தான் போனது. அந்தப் பசிபிக்கையே 2004இல் கனடாவின் டோரல் நிறுவனம் வாங்கியது. எனக்கு மிகவும் வலித்தது அயர்ன் ஹார்ஸ் என்ற சைக்கிள் கம்பெனியின் கதை. 2007இல் சாம் ஹில் என்ற வீரர் அந்தக் கம்பெனியின் வண்டியில் டவுன்ஹில், அதாவது மலையிறக்கப் பந்தயத்தில், உலக சாம்பியன் ஆனார். இரண்டே வருடத்தில் கம்பெனி திவால், பெயர் டோரல் கையில்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். கேனன்டேல் சைக்கிள் கம்பெனியும் 2003இல் மோட்டார் சைக்கிள் செய்யப்போய்த் திவாலாகி, 2008இல் டோரலிடம் போனதுதான். பென்சில்வேனியா தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் வண்டி இன்றும் நன்றாகவே இருக்கிறது. 2022இல் இவை எல்லாவற்றையும் டோரலிடமிருந்து டச்சுக் குழுமமான பொன் வாங்கியது. 2024 முடிவில் ஜிடி புது மாடல்களை நிறுத்துவதாக அறிவித்தது. இன்னொரு விஷயம், ஒரே பெயரில் இரண்டு தரம் வரும். மங்கூஸில் சைக்கிள் கடைக்கென்று செய்யும் நல்ல வண்டியும் உண்டு, பெரிய கடைக்கென்று செய்யும் வண்டியும் உண்டு. வண்டியின் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் பெயரில் வித்தியாசம் தெரியாது.

அதனால் பெயரை விட்டுவிட்டுக் குனிந்து பாருங்கள். அடியில் எச்சரிக்கை ஸ்டிக்கர் இருந்தால் மலைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் முன் பிரேக் ஃபோர்க்குக்குப் பின்னால் இருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம் (டிஸ்க் பிரேக் பின்னால் இருப்பது வழக்கம்தான்). பின்சக்கரத்துப் பல்சக்கரங்கள் கேசட்டா, பழைய திருகு ஃப்ரீவீலா என்று கேளுங்கள். ஃப்ரீவீல் என்றால் பளு ஏறும்போது பின்சக்கரத்து அச்சு வளைய வாய்ப்பு அதிகம். 250 டாலருக்கு மேல் கையில் இல்லையென்றால், நல்ல சைக்கிள் கடையில் சரிபார்த்து விற்கும் பழைய வண்டியை வாங்குங்கள். என் மகனுக்கு இப்போது அப்படித்தான் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

காசு திரும்பக் கிடைத்தாலும் கடைக்காரர்கள் அந்த முதல் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கராஜில்தான் கிடக்கிறது. யாருக்கும் விற்கவும் மாட்டேன், சும்மா கொடுக்கவும் மாட்டேன். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், இன்று இரவே இரண்டு கிராங்க் கைகளையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் பிள்ளையை அதில் ஏற்றாதீர்கள்.