கழற்றுவதா, விட்டுவைப்பதா? குளுவாங்கில் ஒரு ஃபின் வழக்கு

ஜொகூரின் நடுவே இருக்கும் குளுவாங்கைச் சுற்றிப் பால்மரமும் செம்பனையும்தான். சறுக்குவதற்கு ஏற்ற அலை வேண்டுமானால் கோத்தா திங்கி வழியாக டெசாரு கடற்கரைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். பகாங்கின் செராத்திங் கடற்கரை என்றால் அரை நாள் போய்விடும். அப்படிப்பட்ட ஊரில் வாசல் கொட்டகையில் இரண்டு அலைச்சறுக்குப் பலகைகள் சாய்ந்து நின்றால் யார்தான் கேட்கமாட்டார்கள்? செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர் ஒருவர், "என்ன தம்பி, வீட்டில் இவ்வளவு பெரிய இஸ்திரிப் பலகை?" என்றே கேட்டுவிட்டார்.

ஒன்று என்னுடையது, மற்றது சித்தப்பா மகனுடையது. இரண்டும் ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கியவை. இரண்டிலும் வாலடியில் மூன்று ஃபின்கள், அதாவது மீன்துடுப்பு மாதிரியான தகடுகள். 1980இல் ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் வைத்துப் பலகை செய்து காட்டியதிலிருந்து உலகம் முழுக்க இதுதான் வழக்கமாகிவிட்டது. எங்களுடையது பழைய மாதிரி: ஒவ்வொரு ஃபின்னின் அடியிலும் இரண்டு காது, காதுக்கு ஒன்றாகத் தலையில்லாத குட்டி ஸ்குரூ. ஆக, பலகைக்கு ஆறு ஸ்குரூ. எங்கள் இருவருக்கும் இடையே வருடக்கணக்காக நடக்கும் வழக்கு அந்த ஆறைப் பற்றியதுதான். கரையேறியபின் கழற்றுவதா, அப்படியே விட்டுவைப்பதா? நான் கழற்றும் கட்சி. அவன் விட்டுவைக்கும் கட்சி.

கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. குழாயடியில் பலகையைக் காட்டிவிட்டு நிழலில் சாய்த்துவிடுகிறார்கள். நாளைக் காலை மறுபடி கடலில் இறங்கும் பலகைக்கு அது போதும். நமக்கோ வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரைதான் அலை. அதிலும் மாதம் இரண்டு முறை போனால் அதிகம். ஏப்ரலிலிருந்து ஏழு மாதம் பலகை சும்மா கிடக்கும்.

அந்த ஏழு மாதத்தில் ஃபின்னுக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடியிழையாக இருந்தாலும் பிளாஸ்டிக்காக இருந்தாலும் உப்பு அதை ஒன்றும் செய்வதில்லை. பலியாவது ஸ்குரூதான். உப்பு ஜாடிக்குள் பாட்டி ஒரு பிடி அரிசி போட்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கசியும். குளுவாங்கில் எந்த இரவு 75ஐத் தாண்டாமல் விடிகிறது? ஸ்குரூக் குழியில் தங்கிய உப்பு இரவுக்கிரவு மறுபடி கடல்நீராகிக்கொண்டிருக்கிறது.

"துருப்பிடிக்காத எஃகுதானே அண்ணே" என்பான் தம்பி. அந்த எஃகைக் காப்பது அதன்மேல் படர்ந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய தோல். தோலில் கீறல் விழுந்தால் ஆறுவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஸ்குரூவின் இறுகிய புரிகளுக்கிடையில் உப்புநீர் தேங்கி நின்றால் அங்கே ஆக்சிஜன் போதாமல் போகும், தோல் ஆறாது, அரிப்பு தொடங்கிவிடும். வெளியே ஸ்குரூ பளபளவென்றுதான் இருக்கும். ஸ்குரூ திருகும் ஆலன் சாவியை வைத்துத் திருகும்போதுதான் சங்கதி தெரியும்.

அவன் கட்சியையும் சொல்லிவிடுகிறேன், முழுக்கத் தள்ளிவிட முடியாது. கழற்றிக் கழற்றி மாட்டினால் ஆலன் சாவி நுழையும் அறுகோணக் குழி தேயும் என்கிறான். மணலில் விழுந்த ஸ்குரூ போனது போனதுதான் என்கிறான். (டெசாருவில் நான் இரண்டு தொலைத்திருக்கிறேன், அவன் எண்ணி வைத்திருக்கிறான்.) ஆனால் குழி தேய்வது கழற்றுவதால் அல்ல, பாதி நுழைந்த சாவியால். குழியில் அடைந்த மணலை ஊசியால் கெல்லி எடுத்து, சாவியை அடிவரை இறக்கியபின் திருகினால் வருடக்கணக்கில் தாங்கும். கழற்றுவதைக் கடற்கரையில் செய்யாமல் வீட்டில் வெள்ளைத் துணி விரித்துச் செய்தால் ஸ்குரூவும் தொலையாது.

இன்னொன்றை அவன் சொல்வதே இல்லை. ஃபின்னோடு பலகைகளைக் காருக்குள் அடுக்கினால் என்ன ஆகும்? வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 60 பாகையைத் தாண்டிவிடும். பிளாஸ்டிக் ஃபின்மேல் பாரம் அழுத்திக்கொண்டே இருந்தால் வளைந்துகொள்ளும். கண்ணாடியிழை ஃபின் வளையாது, பக்கத்துப் பலகையில் பள்ளம் போடும். என் பலகையில் அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. அது யாருடைய ஃபின் போட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

புதிதாக வாங்குபவர்களுக்கு இந்த வழக்கே வேண்டாம். 2013இல் வந்த எஃப்.சி.எஸ். 2 என்ற ஃபின் மாதிரியில் ஸ்குரூ இல்லாமல் அழுத்திச் செருகலாம். ஃபியூச்சர்ஸ் என்ற இன்னொரு மாதிரியில் ஃபின்னுக்கு ஒரே ஒரு ஸ்குரூ. கழற்ற இவ்வளவு சுலபமாக இருக்கும்போது விட்டுவைக்கக் காரணமே இல்லை.

கழுவுவதில் மோட்டார் கழுவும் கடையின் பீய்ச்சுக்குழாய் மோசம். மணலைப் புரிகளுக்குள் இன்னும் ஆழமாக அடித்து ஏற்றும். வீட்டு ரப்பர் குழாய் பரவாயில்லை. ஆனால் வாளிக்கு நிகர் எதுவுமில்லை. உப்பு ஊறித்தான் கரையும். ஃபின்னையும் ஸ்குரூவையும் நல்ல தண்ணீரில் போட்டுவிட்டுக் குளித்துப் பசியாறி வாருங்கள், ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள், போதும். பலகையில் உள்ள துளைகளுக்குக் கூர்மூக்குச் சாஸ் போத்தலில் தண்ணீர் பிடித்துப் பீய்ச்சலாம். காரில் ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்றை நிரப்பி வைத்திருப்பதும் நல்லது. வீடு வருவதற்குள் உப்பு காய்ந்து இறுகிவிடுகிறது.

காய்ந்தபின் ஸ்குரூவுக்கு எதைப் பூசுவது? மூன்று பொருளைப் பூசிப் பார்த்துவிட்டேன். தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது, ஆனால் நாளானால் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும். ஒரு வருடம் எறும்பும் வந்தது. டபிள்யூ.டி.-40 என்ற தெளிப்பு எண்ணெய் ஈரத்தை விரட்டுவதற்கென்று 1953இல் பிறந்தது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. இறுகிய ஸ்குரூவை இளக்கவும் அதுதான் கைகொடுக்கும். ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகி மெல்லிய படலம்தான் மிஞ்சும். ஏழு மாதத்துக்கு அது காணாது. பலகைமேல் தெறித்தால், கால் வழுக்காமலிருக்கத் தேய்த்த மெழுகையும் இளக்கிவிடும். வாஸ்லின் அழகில்லாத பொருள், மணலையும் பிடித்துக்கொள்ளும், ஆனால் வைத்த இடத்தில் இருக்கும். நகக்கண் அளவு எடுத்துப் புரியில் மட்டும் தடவுகிறேன்.

ஃபின்னையே கவனிக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் வேகம் பிடித்ததும் என் பலகை "உய்ங்" என்று பாட ஆரம்பித்தது. கரையில் நின்ற தம்பிக்கே கேட்டதாம். ஃபின்னின் பின்விளிம்பில் நீர் இருபக்கமும் மாறி மாறிச் சுழித்துப் பிரியும்போது அந்தத் தாளமும் ஃபின்னின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போனால் இந்தச் சத்தம் வரும். விரலால் தடவிப் பார்த்தேன், பின்விளிம்பில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. சூப்பர் குளூ வைத்தேன், அடுத்த பயணத்திலேயே பெயர்ந்தது. பிறகு பின்பக்கம் டேப் ஒட்டி இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்கும் எப்பாக்ஸிப் பசையை நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, 400, 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். பாட்டு நின்றது. பிளாஸ்டிக் ஃபின்னுக்கு இந்த வைத்தியம் வேண்டாம், பசை ஒட்டாது. பிளேடால் சீவிவிடுங்கள்.

சென்ற நவம்பரில் இரண்டு பலகைகளையும் துணியில் கிடத்தினோம். என் ஆறு ஸ்குரூவும் பிஸ்கட் டின்னிலிருந்து வந்து விரலாலேயே ஏறின. அவன் பலகையில் நான்கு கழன்றன. ஐந்தாவதற்கு ஒரு பொழுது முழுக்க டபிள்யூ.டி.-40 விட்டு ஊறவைக்க வேண்டியிருந்தது. ரப்பர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம் என்றார். கைகூப்பி அவரைத் திரும்பவும் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஆறாவது ஸ்குரூவின் குழி வட்டமாகிவிட்டது, ஃபின் அங்கேயே இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் கழற்றுவதில்லை என்பதை இப்போது தம்பி ஒரு கொள்கையாகவே சொல்லிக்கொள்கிறான்.