வனவியலா, விலங்கியலா? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஓர் ஒப்பீடு

2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள் புகுந்து ஆட்டோவைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, எங்கள் பக்கத்தில் "ஃபாரெஸ்ட் படிக்கணும்" என்று சொல்லும் பிளஸ் டூ பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அப்படிக் கேட்டு வருகிறவர்கள் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்கு வருட பி.எஸ்சி. வனவியல். இன்னொன்று, பக்கத்துக் கல்லூரியில் மூன்று வருட விலங்கியல், அதன் பிறகு வனவிலங்கு உயிரியலில் முதுகலை. யானைக்கு மயக்க ஊசி போடுவதுதான் கனவு என்றால் இரண்டுமே வேண்டாம். அது கால்நடை மருத்துவர் வேலை, அதற்கு பி.வி.எஸ்சி. படிக்க வேண்டும்.

நான் வனவியல் படித்தவன். என் சித்தி மகள் உத்தமபாளையத்தில் விலங்கியல் முடித்து, மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தலில் வனவிலங்கு உயிரியல் படித்தாள். என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

செலவு, தூரம், விடுதி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வந்தால் செலவு குறையும், வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும். மேட்டுப்பாளையம் என்றால் நான்கு வருடமும் விடுதிதான். முதுகலையையும் சேர்த்தால் விலங்கியல் வழியில் ஐந்து வருடம், வனவியல் வழியில் ஆறு. பெண் பிள்ளைகளை வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளில் பல சமயம் இந்த இடத்திலேயே முடிவு எடுத்துவிடுகிறார்கள். ஆனால் வனவிலங்கு முதுகலைக்கு எப்படியும் ஊரை விட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

படிப்பு விஷயத்தில் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. புலியையும் யானையையும் நினைத்து வனவியலுக்கு வருகிறவர்களுக்கு முதல் வருடம் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். நாற்றங்கால் போட வேண்டும். மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், எடுக்க வேண்டும். ஒரு தோப்பில் எத்தனை கன மீட்டர் தேறும் என்று கணக்குப் போட வேண்டும். மண் அரிப்பு, நீர்ப்பிடிப்பு, மரத்தின் தரம், வேளாண் காடு வளர்ப்பு, அப்புறம் 1972 வனவிலங்குச் சட்டத்திலிருந்து 2006 வன உரிமைச் சட்டம் வரை சட்டங்கள். காட்டு விலங்குகளுக்கு இதில் சில பாடங்கள்தான். சவுக்கும் மலைவேம்பும் யூகலிப்டஸும்தான் நம்மோடு அதிகம் பழகும். டி.என்.பி.எல்., சேஷசாயி போன்ற காகித ஆலைகள் விவசாயிகளை வளர்க்கச் சொல்லி வாங்குகிற மரங்கள் என்பதால், அந்தப் பாடங்களைப் படித்தவர்களுக்கு வெளியே வேலையும் இருக்கிறது. கடைசி வருடம் வனச்சரகத்தில் தங்கிப் பயிற்சி உண்டு. அங்கே ரேஞ்சருடைய நாள் பாதி ஃபைலிலும் பாதி பஞ்சாயத்திலும் கழிவதைப் பார்த்துவிட்டு மனம் மாறியவர்களும் உண்டு.

விலங்கியல் இளங்கலையில் மூன்று வருடமும் பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்தான். செல், மரபியல், உயிர்வேதியியல். காட்டைப் பார்ப்பது டூர் போகும்போது. உண்மையான வனவிலங்குப் படிப்பு முதுகலையில்தான் தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் அது எங்கள் படிப்பைவிட ஆழமானது. எச்சத்தையும் காலடித்தடத்தையும் வைத்துக் கணக்கெடுக்கும் முறைகளை என் தங்கை விளக்கும்போது நான் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இவ்வளவு தூரம் இரண்டும் சரிசமம் என்றுகூடச் சொல்லலாம். நான் வனவியல் பக்கம் நிற்பதற்கு முக்கியக் காரணம் வேறு: வேலை அறிவிக்கைகளில் வரும் கல்வித் தகுதி என்ற கட்டம். சேரும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. நான்கு வருடம் கழித்து அது ஒன்றைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்திய வனப்பணியை எடுத்துக்கொள்வோம். யு.பி.எஸ்.சி. அறிவிக்கையில் பாடங்களின் பெயர்களைப் பட்டியலிட்டே போடுகிறார்கள். தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றையாவது பாடமாகப் படித்த பட்டம், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். வனவியலும் விலங்கியலும் இரண்டுமே இதில் இருக்கின்றன, எனவே இங்கே சமன். நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் ஒன்றுதான். சுருளி ரோட்டில் பழகிக்கொள்ளலாம்.

மாநில அளவில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். டி.என்.பி.எஸ்.சி. நடத்திய வனத் தொழில் பழகுநர் தேர்வில், அதாவது ரேஞ்சர் பதவிக்கான தேர்வில், வனவியல் பட்டத்துக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் பணியிடங்கள் எப்போதாவதுதான் வரும், வந்தாலும் விரல் விட்டு எண்ணும் அளவில். இதை மட்டும் நம்பி நான்கு வருடம் படிக்கச் சொல்ல மாட்டேன்.

நிஜமான வித்தியாசம் காட்டுக்கு வெளியே இருக்கிறது. வங்கிகளுக்கு வேளாண் கள அலுவலர்களை எடுக்கும் ஐ.பி.பி.எஸ். தேர்வில் நான்கு வருடப் பட்டம் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் வேளாண்மை, தோட்டக்கலையோடு வனவியலும் வேளாண் காடு வளர்ப்பும் இருக்கின்றன. மூன்று வருட விலங்கியல் அதில் கிடையாது. நான் இப்போது இருப்பது அந்த வேலையில்தான். "காடு படிச்சுட்டுக் கடன் குடுக்குறான்" என்று மாமா கிண்டல் செய்வார். பேசட்டும். ஏலத்தோட்டம் இடுக்கியில், வீடு கம்பத்திலோ போடியிலோ என்று இருக்கிற ஆட்கள்தான் என் வாடிக்கையாளர்களில் பாதி. நிழல் மரத்தை எவ்வளவு கவாத்து செய்யலாம், எந்த மரத்தைத் தொட்டால் வனத்துறை வரும் என்ற பேச்சு தினமும் வருகிறது. படித்தது வீண் போகவில்லை.

இன்னொன்று, பாதை மாறும் வசதி. வனவியல் முடித்தவர் வனவிலங்கு பக்கம் போக நினைத்தால் வழி இருக்கிறது. பெங்களூருவில் இருக்கும் தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையமான என்.சி.பி.எஸ்.ஸின் வனவிலங்கு உயிரியல் முதுகலைக்கு எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். விலங்கியல் முடித்தவர் வனவியல் முதுகலைக்கு வர நினைத்தால் வேளாண் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் முடியாது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பல்கலைக்கழகம் அறிவியல் பட்டதாரிகளையும் எடுக்கிறது. ஆனால் அது ஒரு நுழைவுத் தேர்வு, அதோடு ஊரிலிருந்து அவ்வளவு தூரம்.

விலங்கியல் ஜெயிக்கும் இடமும் ஒன்று இருக்கிறது, அது சின்னதில்லை. பி.எட். சேர்த்துப் படித்தால் பள்ளி ஆசிரியர் ஆகலாம். வனவியலுக்கு அந்த வழி நடைமுறையில் இல்லை. என் தங்கை சில வருடங்கள் ஆராய்ச்சித் திட்டங்களில் கள உதவியாளராக இருந்தாள். திட்டம் முடிந்தால் சம்பளமும் முடிந்துவிடும். பிறகு பி.எட். படித்து இப்போது பள்ளியில் இருக்கிறாள். ஆராய்ச்சியிலேயே தாக்குப்பிடித்து முனைவர் பட்டம் வரை போனவர்களின் நிலைமை வேறாக இருக்கலாம். அந்த உலகத்தை நான் அவள் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன், அதனால் என் அபிப்பிராயத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. மேட்டுப்பாளையத்தில் சேர்வது பிளஸ் டூ மதிப்பெண்ணில், நுழைவுத் தேர்வு இல்லை. ஆனால் தமிழ்நாட்டு இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு, கொழிஞ்சாம்பாறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திருச்சூர் வெள்ளானிக்கரை வனவியல் கல்லூரி இருக்கிறது. அங்கே கேரள அரசு நீட் தரவரிசையை வைத்து இடம் கொடுக்கிறது. தமிழ்நாட்டுத் தேர்வு மையம் கிடைத்தால் நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வசதி. இந்தப் பக்கத்துப் பிள்ளை அங்கே போகவும், அந்தப் பக்கத்துப் பிள்ளை இங்கே வரவும், கியூட் என்ற அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வு வழியாக நிரப்பப்படும் அகில இந்திய இடங்கள் கொஞ்சம் உண்டு. ரேஷன் கார்டு ஒரு பக்கமும் வீடு இன்னொரு பக்கமுமாக இருக்கும் எஸ்டேட் குடும்பங்கள், எந்த மாநிலத்துச் சான்றிதழ் கைக்கு வரும் என்பதைப் பிளஸ் ஒன்னிலேயே பார்த்து வைப்பது நல்லது. பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றால் கவுன்சலிங் முடிந்துவிடும்.

வெள்ளானிக்கரையில் படித்தாலும் பட்டம் அதே வனவியல்தான், வங்கித் தேர்வுக்கும் வனப்பணிக்கும் செல்லும். தமிழ்நாட்டு அரசு வேலைக்கு வருவதென்றால் டி.என்.பி.எஸ்.சி.யின் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்க வேண்டும். மலையாள வழியில் படித்த நம் பிள்ளைகள் பேச்சில் கெட்டி, எழுத்தில் தடுமாறுவார்கள், அதற்குத் தனியாகத் தயாராக வேண்டும்.

சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயரில் புதிது புதிதாக வரும் இளங்கலைகளையும் சிலர் கேட்கிறார்கள். பாடம் நன்றாகவே இருக்கலாம். ஆனால் மதிப்பெண் பட்டியலில் தாவரவியல், விலங்கியல் போன்ற ஒன்று தனிப் பாடமாக வருகிறதா என்று கல்லூரியில் கேட்டுவிட்டுச் சேருங்கள். வராவிட்டால் மேலே சொன்ன யு.பி.எஸ்.சி. பட்டியலில் சிக்கல் வரும். கையோடு, கடைசியாக வந்த வனப்பணி அறிவிக்கையையும் ஐ.பி.பி.எஸ். அறிவிக்கையையும் இறக்கி, அந்தத் தகுதிப் பக்கத்தை மட்டுமாவது அப்பா அம்மாவோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.